லேசர் பட்டா உலோகத் துளியில இருந்து அணு ஏன் கழண்டு ஓடுது? அடிக்கடி கேட்கிற கேள்விகள்

நான் சில வருஷம் ஒரு மேற்பரப்பு இயற்பியல் லேப்ல குப்பை கொட்டினவன். வேலையை விட்டாச்சு, ஆனா அதைப் பத்தின கேள்வி மட்டும் நிக்கல, அதுவும் திரும்பத் திரும்ப அதே கேள்விங்கதான் வருது. அதனால ஒரே இடத்துல எழுதி வச்சிடலாம்னு உக்காந்தேன். ஃபார்முலா கிடையாது, நம்பர் உண்டு, கொஞ்சம் கணக்கு உண்டு.

இது என்னங்க சமாச்சாரம்? சுருக்கமா சொல்லுங்க

ஒரு படிகத்து மேல கண்ணுக்குத் தெரியாத அளவுல குட்டி குட்டியா உலோகத் துளி ஒட்டிட்டு இருக்கு. அதுக்குப் பேர் கிளஸ்டர். அதுமேல லேசர் அடிச்சா, துளியோட மேல்தோல்ல இருக்கற அணு ஒண்ணொண்ணா கழண்டு வெளியே பறக்குது, இந்தக் கழண்டு போறதுக்குத்தான் டிசார்ப்ஷன்னு பேரு.

"சரி, லேசர் அடிச்சா சூடாகும், சூடானா ஆவியாகும், இதுல என்ன இருக்கு"ன்னு உடனே கேப்பீங்க. அந்தக் கேள்விதான் இந்தப் பக்கம் முழுக்க. சூடே ஆகாம, வெளிச்சம் மட்டுமே அணுவைப் பறிச்சு எறிய முடியும்னு காட்டினாங்க. 1988ல ஃபிசிக்கல் ரிவ்யூ லெட்டர்ஸ்ன்ற இயற்பியல் இதழ்ல ஒரு கட்டுரை வந்துச்சு, ஹோஹைசல், யுங்மன், ஃபோல்மர், வைடெனவர், ட்ரேகர்னு அஞ்சு பேர், ஜெர்மனியில ஹைடல்பர்க் குழு. லித்தியம் ஃபுளோரைடு படிகத்து மேல சோடியம் துளிங்களை வளர்த்து, அதுமேல லேசர் விட்டு, வெளிய வர்ற சோடியம் அணுவை எண்ணினாங்க. ட்ரேகர் பின்னாடி காஸல் பல்கலைக்கழகத்துக்குப் போய் அங்கேயும் இதே வேலையை ரொம்ப வருஷம் தொடர்ந்தார், இந்தத் துறையில பாதி விஷயம் அந்த ரெண்டு ஊர்ல இருந்து வந்ததுதான்.

துளி துளின்றீங்களே, எவ்வளவு சின்னது?

அவங்க அளந்ததுல ஒரு முக்கியமான சைஸ் ஆரம் 50 நானோமீட்டர். தலைமுடியோட தடிமன்ல ஏறக்குறைய எழுநூறுல ஒரு பங்குதான் ஒரு முழுத் துளி. ஆனா அணுக் கணக்குல பாத்தா சின்னது இல்ல, சோடியத்தோட அடர்த்தியை வச்சுப் போட்டா அந்த ஒரு துளிக்குள்ள சுமார் 1.3 கோடி அணு இருக்கும், அதுல மேல்தோல்ல இருக்கறது 2 சதவீதத்துக்கும் கொஞ்சம் கம்மி. ஆரத்தை 2 நானோமீட்டருக்குக் குறைச்சா மொத்தமே 850 அணுதான், அதுல பாதிக்குக் கொஞ்சம் கம்மியா மேல்தோல்லயே இருக்கும். சைஸ் மாறினா குணமும் மாறுதுன்னு சொல்றது இதனாலயும்தான்.

ஏன் எல்லாரும் சோடியத்தையே பிடிச்சுத் தொங்குறாங்க? தண்ணியில போட்டா வெடிக்கிற சாமானாச்சே

வெடிக்கும், அதனாலதான் வேக்கம் உள்ள, அதாவது காத்தை உறிஞ்சி எடுத்த சேம்பருக்குள்ள வச்சு வேலை பண்றாங்க. சோடியத்தை எடுத்ததுக்குக் காரணம் மூணு நாலு இருக்கு. ஒண்ணு, வெளி எலக்ட்ரான் ஒண்ணே ஒண்ணு, அது உலோகத்துக்குள்ள சுதந்திரமா ஓடுது, அதனால தியரி போடறவங்களுக்கு ரொம்பப் பிடிச்ச உலோகம். ரெண்டு, அணுவை அணுவோட கட்டி வச்சிருக்கற பிணைப்பு சக்தி அணுவுக்கு 1.11 எலக்ட்ரான் வோல்ட்தான் (அணு அளவுல சக்தியை அளக்கற அலகு அது), வெள்ளிக்கு 2.95, தங்கத்துக்கு 3.8. பச்சை வெளிச்சத்துல (532 நானோமீட்டர்) ஒரு ஃபோட்டான் கிட்ட, அதாவது வெளிச்சத்தோட ஒரு பொட்டலத்துக்கிட்ட, 2.33 எலக்ட்ரான் வோல்ட் இருக்கு. அதாவது ஒரே ஒரு ஃபோட்டான் ஒரு சோடியம் அணுவை விடுவிக்கத் தேவையானதைப் போல ரெண்டு மடங்கு காசு கையில வச்சிருக்கு.

அப்புறம் கண்டுபிடிக்க சுலபம். தெருவிளக்கு மஞ்சள் ஞாபகம் இருக்கா, பழைய சோடியம் விளக்கு? அந்த மஞ்சள் 589.0, 589.6 நானோமீட்டர் கோடுங்க. பறந்து வர்ற அணு மேல அதே மஞ்சள்ல ஒரு லேசரை விட்டா அது மின்னும், ரொம்பக் கொஞ்சம் அணு வந்தாலும் தெரிஞ்சிடும்.

துளியை எப்படிச் செய்றாங்க? யாராவது ஒண்ணொண்ணா வைக்கணுமா?

வேண்டாம், அதுவாவே சேரும். வாழை இலையில தண்ணி தெளிச்சா பரவாம முத்து முத்தா நிக்குதில்ல, அதே கதைதான். லித்தியம் ஃபுளோரைடு, குவார்ட்ஸ், சஃபையர் மாதிரி மின்சாரம் கடத்தாத பரப்பு மேல உலோக ஆவி வந்து படிஞ்சா, உலோக அணுவுக்கு பரப்பை விட சக அணு மேலதான் பாசம் அதிகம், அதனால அங்கங்க ஓடிப்போய் கூட்டம் சேர்ந்து துளியாகுது. பரப்புல எங்க கீறலோ குழியோ இருக்கோ அங்க முதல்ல கூட்டம் சேரும்.

சின்ன அடுப்புல சோடியத்தைச் சூடாக்கி மெல்லிசா ஒரு அணுக்கற்றையா விடுறாங்க. எவ்வளவு படிஞ்சதுன்னு ஒரு குவார்ட்ஸ் தராசு சொல்லும், அதுல இருந்து சராசரி சைஸைக் கணக்குப் போடலாம். ஆனா எல்லாத் துளியும் ஒரே சைஸா வராது, பெருசு சிறுசு கலந்துதான் இருக்கும், உருவமும் முழு உருண்டை இல்ல, கொஞ்சம் அமுங்கின இட்லி மாதிரி. இதைக் கொஞ்சம் ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வரும்.

வேக்கம் எவ்வளவு நல்லா இருக்கணும்னு கேட்டா, ரொம்ப ரொம்ப நல்லா. சுத்தமான பரப்பு மேல ஒரு அடுக்கு அழுக்கு வாயு ஏற, 10 லட்சத்துல ஒரு டார் அழுத்தத்துல ஒரு செகண்டு போதும், அதைவிடப் பத்தாயிரம் மடங்கு குறைச்சாதான் ரெண்டு மூணு மணி நேரம் கிடைக்கும். எங்க லேப்ல ஒரு தடவை சேம்பரைச் சரியா சுட்டு ஈரத்தை விரட்டாம நானே அவசரப்பட்டு ஆரம்பிச்சேன், சோடியம் துளியெல்லாம் மெல்ல ஆக்சைடு ஆகிட்டே இருந்திருக்கு, ரெண்டு வாரம் சிக்னல் எங்கடா எங்கடான்னு டிடெக்டரைத் திட்டிட்டு இருந்தேன், டிடெக்டர் மேல ஒரு தப்பும் இல்ல.

சூட்டால இல்லன்னு அவ்வளவு உறுதியா எப்படிச் சொல்றாங்க? எனக்கு நம்பிக்கை வரல

நல்லது, வரக்கூடாது. இதுதான் முக்கியமான இடம், இங்க கொஞ்சம் நிதானமா போவோம்.

முதல் சாட்சி, கணக்கு. சதுர சென்டிமீட்டருக்கு 10 வாட் அளவுல விட்டுவிட்டு இல்லாம தொடர்ந்து எரியற லேசர்னு வச்சுக்கோங்க. 50 நானோமீட்டர் துளி தன்னோட நிழல் பரப்பு அளவுக்கு வெளிச்சத்தைக் குடிக்கும்னு போட்டா, அது வாங்கற சக்தி ஒரு வாட்ல நூறு கோடியில ஒரு பங்கு. அந்தச் சூடு கீழே படிகத்துக்குள்ள உடனே இறங்கிடும், லித்தியம் ஃபுளோரைடு சூட்டை நல்லாவே கடத்தும். துளியோட வெப்பநிலை எவ்வளவு ஏறும்னு பாத்தா ஒரு டிகிரியில ஆயிரத்துல ஒரு பங்கு கூட வரல. பக்கத்து பக்கத்துல கோடிக்கணக்கான துளி சேர்ந்து படிகத்தையே சூடாக்கும்ல, அதையும் சேர்த்துப் போட்டாலும், ஒரு மில்லிமீட்டர் புள்ளிக்கு, ஒரு டிகிரிக்குள்ளதான் நிக்குது. துளி படிகத்தோட முழுசா ஒட்டாம இருந்தா கொஞ்சம் கூடும், ஆனா பத்து மடங்கு தப்புன்னாலும் சோடியத்தை ஆவியாக்க அது பத்தாது.

ரெண்டாவது, வெளிச்சத்தோட அளவு. சூட்டால போற ஆவியாதல், வெப்பநிலை கொஞ்சம் ஏறினாலே பல மடங்கு எகிறும், அடுப்பை லேசா ஏத்தினதும் பால் பொங்குற மாதிரி. ஆனா இங்க லேசரை ரெண்டு மடங்கு ஆக்கினா வெளிய வர்ற அணுவும் ரெண்டு மடங்கு, மூணு மடங்குன்னா மூணு மடங்கு, நேர்கோடு. நேர்கோடுன்னா அர்த்தம் என்னன்னா, ஒரு அணுவுக்கு ஒரு ஃபோட்டான், கூட்டணி கிடையாது.

மூணாவதுதான் எனக்குப் பிடிச்சது, வேகம். சூட்டால கிளம்பற அணுவோட வேகம் துளியோட வெப்பநிலையைச் சொல்லும், லேசரைக் கூட்டினா வேகமும் கூடணும். வெளிச்சத்தால பறிக்கப்பட்ட அணு அப்படி இல்ல, லேசரைக் கூட்டினா எண்ணிக்கை கூடும், வேகம் அங்கேயே நிக்கும். அந்த அணுக்களோட இயக்க சக்தி ஒரு எலக்ட்ரான் வோல்ட்டுல பத்துல சில பங்குதான், சின்னதாத் தெரியும், ஆனா 0.3னு வச்சுப் பாருங்க, சூட்டாலேயே அது வரணும்னா துளி சுமார் 1,450 டிகிரி செல்சியஸ்ல இருக்கணும். சோடியம் 98 டிகிரியிலேயே உருகி 883ல கொதிச்சுடும். அவ்வளவு சூடு இருந்திருந்தா அங்க துளியே மிஞ்சியிருக்காது, ஆனா துளி அப்படியே உக்காந்திருக்கு.

அப்ப என்னதான் நடக்குது உள்ள?

ஊஞ்சலை நினைச்சுக்கோங்க. எப்ப வேணா தள்ளினா ஆடாது, அது திரும்பி வர்ற நேரம் பாத்துத் தட்டினா சின்னப் பிள்ளை தட்டினாலும் உசரமாப் போகும். உலோகத் துளிக்குள்ள சுதந்திரமா திரியற எலக்ட்ரான் எல்லாம் சேர்ந்து ஒரு கூட்டம், வெளிச்சத்தோட மின்புலம் அந்தக் கூட்டத்தை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் தள்ளுது, பின்னாடி நிக்கிற பாசிடிவ் அயனிங்க திரும்ப இழுக்குது. தள்ளற வேகமும் திரும்பற வேகமும் ஒத்துப்போற ஒரு நிறம் இருக்கு, அந்த நிறத்துல வெளிச்சம் பட்டா மொத்தக் கூட்டமும் ஒண்ணா ஆடும். இதுதான் சர்ஃபேஸ் பிளாஸ்மான். துளி எப்படி வெளிச்சத்தை உறிஞ்சும், சிதறடிக்கும்ன்ற கணக்கை குஸ்தாவ் மீ 1908லேயே போட்டுட்டார், தங்கத் துகள் கலந்த கண்ணாடி சிவப்பா தெரியறதுக்கும் இதுதான் காரணம்.

ஹைடல்பர்க் பரிசோதனையில அவங்க லேசரோட நிறத்தை மாத்தி மாத்திப் பாத்தாங்க. வெளிய வர்ற அணு எண்ணிக்கை ஒரு நிறத்துல உச்சத்துக்குப் போய் ரெண்டு பக்கமும் இறங்குச்சு, 50 நானோமீட்டர் துளிக்கு அந்த உச்சம் நீலப்பச்சைப் பக்கம். துளியோட சைஸை மாத்தினாலும் எண்ணிக்கை மாறுச்சு. பிளாஸ்மான் எங்க இருக்கணும்னு தியரி சொல்லுதோ அதோட பொருந்திப் போச்சு. அதனால அந்தக் கட்டுரையோட தலைப்புலயே பிளாஸ்மான்னு போட்டுட்டாங்க.

பிளாஸ்மான் ஆடினா அணு ஏன் கழலணும்? நடுவுல ஒரு படி விட்டுப்போன மாதிரி இருக்கே

கரெக்ட், விட்டுப்போகுது, நிறைய பேர் இதைச் சொல்லாமத் தாண்டிடுவாங்க. பிளாஸ்மான் ஆட்டம் ரொம்ப நேரம் நிக்காது, சில ஃபெம்டோசெகண்டுல அடங்கிடும் (ஒரு செகண்டை நூறு கோடியாப் பிரிச்சு, அதுல ஒண்ணைத் திரும்பப் பத்து லட்சமாப் பிரிச்சா ஒரு ஃபெம்டோசெகண்டு). அடங்கறப்ப அந்தச் சக்தி ஏதாவது ஒரு எலக்ட்ரான் கிட்ட போய்ச் சேருது. அந்த எலக்ட்ரான், மேல்தோல்ல இருக்கற ஒரு அணுவோட பிணைப்புல போய் உக்காந்தா, அதுவரைக்கும் இழுத்துட்டு இருந்த பிணைப்பு திடீர்னு தள்ள ஆரம்பிக்கும். அணு வெளிய நகரும். ஆனா அதுக்குள்ள அந்தக் கிளர்ச்சி உலோகத்துக்குள்ள கரைஞ்சு போயிட்டா அணு பழைய இடத்துக்கே விழுந்துடும். ரேஸ்தான் இது.

கணக்குப் பாருங்க, செகண்டுக்கு 1,000 மீட்டர்ல போற அணு 10 ஃபெம்டோசெகண்டுல நகரற தூரம் 0.01 நானோமீட்டர். சோடியம் உலோகத்துல பக்கத்து அணு இருக்கற தூரம் 0.37 நானோமீட்டர். பாதையில ஒரு மூணு சதவீதம் போறதுக்குள்ள கதை முடிஞ்சுடும். அதனால பெரும்பாலான ஃபோட்டான் வீணாத்தான் போகுது, சூடா மாறுது, எப்பவாவது ஒரு அணுதான் தப்பிக்குது. இப்படி "பிணைப்பு தள்ளற நிலையில கொஞ்ச நேரம் ஓடி, திரும்ப விழுந்தாலும் ஏற்கெனவே வாங்கின வேகத்துல தப்பிச்சுடும்"ன்ற படத்தை 1964லேயே மென்சல், கோமர் ஒரு பக்கமும் ரெட்ஹெட் இன்னொரு பக்கமும் சொல்லிட்டாங்க, அவங்க யோசிச்சது எலக்ட்ரான் கற்றை மோதினா வாயு மூலக்கூறு கழலறதைப் பத்தி. உலோகத்துல இருந்து அதே உலோக அணு இப்படிக் கழலும்னு யாரும் பெருசா எதிர்பார்க்கல, ஏன்னா உலோகத்துக்குள்ள கிளர்ச்சி ரொம்பச் சீக்கிரம் பரவிடும்.

எல்லா அணுவுக்கும் சம வாய்ப்பா?

இல்லவே இல்ல. மாமரத்துல நடுக்கொம்புல கெட்டியாத் தொங்கறதும் நுனியில ஒரு காம்புல ஆடிட்டு இருக்கறதும் ஒண்ணா? சோடியம் உலோகத்துக்குள்ள ஒவ்வொரு அணுவுக்கும் எட்டு நெருங்கின பங்காளிங்க. மேல்தோல்ல அது குறையும், படி ஓரத்துல, முக்குல, தனியா மேல உக்காந்திருக்கற அணுவுக்கு இன்னும் குறையும். அந்த மாதிரி அணுவுக்குப் பிணைப்பும் கம்மி, அதுமேல விழுந்த கிளர்ச்சி உள்ள கரையவும் வழி கம்மி, ரெண்டு விதத்துலயும் லாபம். அதனால குறை உள்ள இடத்துல இருந்துதான் சூடில்லாத டிசார்ப்ஷன் அதிகம் வருது. சமதளமா, பெருசா, வழுவழுன்னு இருக்கற உலோகப் பரப்புல இது எடுபடாததுக்கும், துளியில எடுபடறதுக்கும் இதுவும் ஒரு காரணம். இன்னொண்ணு, வழுவழுப் பரப்புல வெளிச்சம் நேரடியா பிளாஸ்மானை ஆட்டி வைக்கவே முடியாது, துளியில முடியும்.

வேகத்தை எப்படி அளக்குறாங்க, அணுவுக்கு ஸ்பீடோமீட்டரா?

ஓட்டப்பந்தயம்தான். லேசரை ஒரு குட்டி பல்ஸா விட்டு, அதே நொடியில ஸ்டாப்வாட்சை ஆரம்பிச்சு, 10 சென்டிமீட்டர் தள்ளி வச்ச டிடெக்டர்ல அணு எப்ப வருதுன்னு பாக்கறது. 0.1 எலக்ட்ரான் வோல்ட் இருக்கற சோடியம் செகண்டுக்கு 900 மீட்டர் சொச்சம் போகும், அப்ப 110 மைக்ரோசெகண்டுல வந்துடும். டிடெக்டரா மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் (எடையை வச்சு அணுவை அடையாளம் காட்டற கருவி) வைக்கலாம், இல்ல மேல சொன்ன மஞ்சள் லேசர் மின்னலைப் பாக்கலாம்.

பல்ஸ் லேசர்னா சூடாகும்ல? இப்ப நீங்களே மாட்டிக்கிட்டீங்க

மாட்டிக்கிட்டேன்தான், ஒத்துக்கிறேன். மேல போட்ட கணக்கு தொடர்ந்து எரியற மெல்லிசான லேசருக்கு. பல்ஸ் வேற ஜாதி. சதுர சென்டிமீட்டருக்கு 5 மில்லிஜூல்னு ஒரு சாதாரண பல்ஸ் எடுத்துக்கிட்டு, அதே 50 நானோமீட்டர் சோடியம் துளி குடிச்ச சக்தி கீழே இறங்காம அப்படியே நின்னுச்சுன்னா பல நூறு டிகிரி ஏறிடும். நிஜத்துல பல்ஸ் அடிக்கிற அந்தச் சில நானோசெகண்டுக்குள்ளயே நிறைய கீழே இறங்கிடும், ஆனா இறங்கற வேகம் கீழ என்ன இருக்குன்றதைப் பொறுத்தது. குவார்ட்ஸ் கண்ணாடியை விட சஃபையர் இருபது மடங்கு நல்லா சூட்டைக் கடத்தும், அதனால ஒரே லேசர், ஒரே துளி, கீழ இருக்கற தட்டை மட்டும் மாத்தினா ஒண்ணுல அணு கொத்துக் கொத்தா ஆவியாகும், இன்னொண்ணுல ஒண்ணொண்ணா பறிபடும்.

அதனால பல்ஸ் லேசர் வச்சு செஞ்ச எந்த வேலையைப் பாத்தாலும் நான் முதல்ல தேடறது ஒண்ணுதான்: லேசர் சக்தியை மாத்தினப்ப வேகம் நகர்ந்துச்சா இல்லையா. குறைஞ்ச சக்தியில வேகம் அசையாம நின்னு, ஒரு அளவுக்கு மேல போனதும் நகர ஆரம்பிச்சா, அந்த எல்லைக்குக் கீழ வெளிச்சத்தோட வேலை, மேல சூட்டோட வேலை. அந்தப் படத்தைப் போடாம "பிளாஸ்மான்தான் காரணம்"னு மட்டும் எழுதியிருந்தா நான் நம்பறதில்ல. பிளாஸ்மான் நிறத்துலதான் உச்சம் வந்துச்சுன்னு காட்டினாலும் பத்தாது, ஏன்னா அந்த நிறத்துலதான் துளி அதிகமா வெளிச்சம் குடிக்கும், அதிகமாக் குடிச்சா அதிகமாச் சூடாகும், சூட்டால போனாலும் அதே நிறத்துலதான் உச்சம் வரும். இந்த ஒரு இடத்துல நிறைய பேர் வழுக்கறாங்க.

வெள்ளி, தங்கத்துல நடக்குமா?

வெள்ளியில பிளாஸ்மான் 400 நானோமீட்டர் பக்கம் வரும், ஃபோட்டானுக்கு 3.1 எலக்ட்ரான் வோல்ட், பிணைப்பு 2.95, மயிரிழையில தேறுது. தங்கத்துல 520 பக்கம், 2.4தான், பிணைப்பு 3.8, அதனால ஒரே ஃபோட்டான்ல நல்லாப் பிணைஞ்ச தங்க அணுவைப் பறிக்கப் பட்ஜெட்டே இல்ல. சூடாக்கி ஆவியாக்கறது வேற விஷயம், அது எல்லாத்துலயும் நடக்கும்.

இதால என்ன உபயோகம்?

இந்தக் கேள்வி வராத நாளே கிடையாது. காஸல்ல செஞ்சதைச் சொல்றேன். துளியெல்லாம் பெருசு சிறுசா, இட்லியும் உருண்டையுமா கலந்து இருக்கும்னு சொன்னேன்ல? ஒவ்வொரு உருவத்துக்கும் பிளாஸ்மான் நிறம் கொஞ்சம் வேற. ஒரு குறிப்பிட்ட நிறத்துல லேசர் விட்டா, அந்த நிறத்துக்கு ஒத்துப்போற துளிங்க மட்டும் அதிகமாக் குடிச்சு, அணுவை இழந்து, சைஸும் உருவமும் மாறிடும், மத்தது அப்படியே இருக்கும். அதாவது கலந்து கிடக்கற கூட்டத்துல நமக்கு வேண்டாததை மட்டும் செதுக்கலாம். வெள்ளித் துளிங்களோட சைஸ் வித்தியாசத்தை இப்படி லேசரால குறைச்சுக் காட்டினாங்க, 1999ல.

அதுல இருந்து இன்னொண்ணு கிளம்புச்சு, அதுதான் எனக்கு ரொம்ப அழகாப் படற வேலை. ஒரு நிறத்துக்கு உரிய துளிங்க காணாமப் போனா, உறிஞ்சல் ஸ்பெக்ட்ரத்துல (எந்த நிறத்தை எவ்வளவு உறிஞ்சுதுன்னு வரைஞ்ச படம்) அந்த இடத்துல ஒரு பள்ளம் விழும். அந்தப் பள்ளத்தோட அகலத்தை வெவ்வேறு லேசர் சக்தியில அளந்து, சக்தி பூஜ்யத்துக்குப் போனா எவ்வளவு இருக்கும்னு நீட்டிப் பாத்தா, ஒரே ஒரு துளியோட உண்மையான அகலம் கிடைக்கும், அதுல இருந்து பிளாஸ்மான் எவ்வளவு நேரம் ஆடுச்சுன்னு சொல்லிடலாம். சஃபையர் மேல இருந்த வெள்ளித் துளிங்களுக்கு இது 5 ஃபெம்டோசெகண்ட் அளவுல வந்துச்சு, 2000ல வெளியிட்டாங்க. யோசிச்சுப் பாருங்க, 5 ஃபெம்டோசெகண்டை ஃபெம்டோசெகண்ட் லேசரே இல்லாம, சாதா நானோசெகண்ட் லேசரை வச்சு, பள்ளம் தோண்டி அளந்திருக்காங்க.

லேசர் அப்லேஷனும் இதும் ஒண்ணுதானே அண்ணே?

இல்ல தம்பி. அது குண்டு வைக்கிற வேலை, கட்டி கட்டியா, பிளாஸ்மா நெருப்போட பிச்சுக்கிட்டுப் போகும். இது பூப்பறிக்கிற வேலை.

அணுக்களைக் குளிர வச்சுப் பிடிக்கிற ஆளுங்களும் வெளிச்சத்தால அணு கழட்டறாங்களாமே?

ஆமா, அவங்களுக்கு இது கைவைத்தியம் மாதிரி. கதை 1993ல இத்தாலியில ஆரம்பிக்குது, சிலிகான் பாலிமர் பூசின கண்ணாடிக் குடுவைக்குள்ள சோடியம் ஆவி, வெளிய இருந்து சாதாரண வெளிச்சம் விட்டா உள்ள ஆவி அழுத்தம் சடார்னு ஏறுது, சுவர்ல ஒட்டியிருந்த அணு கிளம்பி வந்துடுது. அங்க நிறம் குறிப்பா ஒத்துப்போகணும்னு இல்ல. ரூபிடியம், பொட்டாசியம் வச்சு குளிர் அணு பரிசோதனை பண்றவங்க இதைப் பிடிச்சுக்கிட்டாங்க, ஏன்னா அவங்களுக்கு ரெண்டு எதிரெதிர் தேவை, பொறியில அணுவை நிரப்பறப்ப ஆவி நிறைய வேணும், நிரப்பின பிறகு வேக்கம் சுத்தமா இருக்கணும். அல்ட்ராவயலட் எல்ஈடியைப் போட்டா சுவர்ல இருந்து அணு வரும், அணைச்சா ஆவி திரும்பச் சுவர்லயே ஒட்டிக்கும். ஸ்விட்ச் போட்டு அணைக்கிற ஆவிப் புட்டி மாதிரி.

இத்தாலியில சியனா ஊர்க் குழு ஒண்ணு நுண்துளைக் கண்ணாடிக்குள்ள ரூபிடியத்தை வச்சு இன்னொரு படி போனாங்க, கண்ணுக்குத் தெரியற வெளிச்சம் விட்டா துளைச் சுவர்ல இருந்து அணு கழண்டு உள்ளேயே கிளஸ்டரா சேருது, அகச்சிவப்புப் பக்கத்து வெளிச்சம் விட்டா அந்தக் கிளஸ்டர் ஆவியாகுது. வெளிச்சத்தால எழுதி வெளிச்சத்தால அழிக்கலாம். இங்க உலோகத் துளியும் வருது, பிளாஸ்மானும் வருது, அதனால நம்ம கதைக்குச் சொந்தக்காரங்கதான்.

நிலாவுல சோடியம் இருக்குன்னு சொல்றாங்களே, அதுக்கும் இதுக்கும் தொடர்பா?

ஒண்ணுவிட்ட தம்பி உறவு. புதன் கிரகத்தைச் சுத்தி 1985லயும் நிலாவைச் சுத்தி 1988லயும் மெல்லிசா சோடியம் ஆவி இருக்கறதை பாட்டர், மார்கன்னு ரெண்டு பேர் கண்டுபிடிச்சாங்க, அதே மஞ்சள் கோட்டை வச்சுத்தான். அந்தச் சோடியம் எங்கிருந்து வருதுன்னு கேள்வி. 1999ல யக்ஷின்ஸ்கி, மேடி ரெண்டு பேரும் லேப்ல சிலிக்கா பரப்பு மேல சோடியத்தைப் படிய வச்சு அல்ட்ராவயலட் அடிச்சுக் காட்டினாங்க, சூரிய வெளிச்சமே சோடியத்தைக் கழட்டிடும்னு. அங்க உலோகத் துளி கிடையாது, பிளாஸ்மான் கிடையாது, கல்லு மேல தனித்தனியா ஒட்டின சோடியம், ஆனா "சூடில்லாம வெளிச்சம் பறிக்குது"ன்ற கதை ஒண்ணுதான். நம்ம சந்திரயான் 2ல இருக்கற கிளாஸ்ன்ற எக்ஸ்ரே கருவியும் நிலாவோட சோடியத்தை வரைபடமாப் போட்டுருக்கு, 2022ல இஸ்ரோ அறிவிச்சது.

வீட்டுல, காலேஜ் லேப்ல செஞ்சு பாக்கலாமா?

வேண்டாம். சோடியம், வேக்கம், கண்ணைக் குருடாக்கற லேசர் மூணும் ஒரே மேசையில. பழகின ஆள் பக்கத்துல இல்லாம தொடவே கூடாது.

அப்ப லேப் இல்லாதவன் என்ன பண்றது?

கணக்கைப் பண்ணலாம், அதுக்கு ஒரு பழைய லேப்டாப் போதும். சோடியத்தோட ஒளியியல் எண்கள் அட்டவணையா கிடைக்கும், அதை எடுத்து மீ கணக்கைப் பைத்தான்ல எழுதுங்க, ரெடிமேட் நிரலும் இருக்கு. ஆரத்தை 10ல ஆரம்பிச்சு 50 நானோமீட்டர் வரைக்கும் ஏத்திட்டே போய் உறிஞ்சலையும் சிதறலையும் தனித்தனியா வரைங்க. துளி பெருசாக ஆக உச்சம் சிவப்புப் பக்கம் நகரும், அகலமாகும், சிதறல் உறிஞ்சலை விழுங்க ஆரம்பிக்கும். அணுவைக் கழட்டறதுக்கு உதவறது உறிஞ்சல் மட்டும்தான்றதால, ரொம்பப் பெருசாப் போனா ஏன் லாபம் இல்லன்னு அந்தப் படத்துலயே தெரிஞ்சிடும். ஒருவேளை உறிஞ்சல் மைனஸ்ல வந்துச்சுன்னா துளி வெளிச்சம் தயாரிக்குதுன்னு சந்தோஷப்படாதீங்க, அட்டவணையில இருந்து எடுத்த ஒளியியல் எண்ணோட கற்பனைப் பகுதிக்கு (உறிஞ்சலைச் சொல்ற பகுதி) பிளஸ் மைனஸ் குறியை மாத்திப் போட்டிருப்பீங்க. நான் அதைக் கண்டுபிடிக்க ரெண்டு நாள் ஆச்சு.